சேதி மேலே போகக் கூடாது

மலையில் கால் வைத்துவிட்டால் "முடியல" என்று சொல்லக் கூடாது. "இன்னும் எவ்வளவு தூரம்" என்று கேட்கவும் கூடாது. மூச்சு முட்டினாலும், முழங்கால் கழன்று போனாலும், வாயைத் திறந்தால் "கருணாவை" என்ற ஒரு சொல்தான். கருணை இருக்கட்டும் என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக சமன் தெய்வத்தின் மலையில் ஏறி, உச்சிப் பாறையில் பதிந்த பாதத்தைக் கும்பிட்டு இறங்குகிறார்கள். நானும் சொல்லிக்கொண்டுதான் ஏறினேன். இப்போது அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கணவர் முதியான்சே, இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் குழியில் வேலை செய்தவர். குழிக்குள் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிற உடம்பு, மூச்சடக்கத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று பீற்றிக்கொள்வார். எங்களுக்கு ஒரே பெண், தெவ்மி. கோயில் கோயிலாக அலைந்து, இனி இல்லை என்று கைகழுவின பிறகு பிறந்தவள். ஏழு வயசில் அவளுக்கு டெங்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைப் பார்ப்பதைத் தவிர்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் இவர் வராந்தாவில் நின்று, மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்தார். "மலையேறுற இந்தப் பருவம் முடியறதுக்குள்ள புள்ளைய உன் பாதத்துக்குக் கூட்டிட்டு வர்றேன். அவளை விட்டுடு." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த வருஷம் என்று சொல்லியிருப்பேன். மறுநாள் காலையில் தெவ்மி கண் திறந்து பிஸ்கட் கேட்டாள்.

சமன் தெய்வம் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எதிர்வீட்டுக்காரன் நேர்த்தியைத் தள்ளிப்போட்டான், பையனுக்குப் பழைய வலிப்பு திரும்பி வந்தது. அந்தப் பையனை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதனால் நாங்கள் தள்ளிப்போட நினைக்கவே இல்லை. ஆனால் பருவம் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே இவருடைய அத்தை போய்ச் சேர்ந்தாள். சாவு விழுந்த குடும்பத்துக்கு மூன்று மாசம் தீட்டு. மலைப்பக்கமே தலைகாட்டக் கூடாது. தீட்டு கழிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பார்த்தால் மே மாசத்து வெசாக் பௌர்ணமிக்கு ஒரு வாரம்தான் மிச்சம். வெசாக் முடிந்தால் தெய்வத்தின் சிலையைக் கீழே எடுத்து வந்துவிடுவார்கள், அதோடு அந்த வருஷம் சரி.

இவருடைய அண்ணன் கிரிபண்டாதான் எங்கள் கூட்டத்துக்கு நடேகுரா. மலையேறும் கூட்டத்தை நடத்திக் கூட்டிப்போகிறவருக்கு அந்தப் பெயர். முன்னால் நின்று பாட்டெடுத்துக் கொடுப்பார், எங்கே குளிக்க வேண்டும், எங்கே வாயை மூட வேண்டும் என்று சொல்வார். அவர் சொன்னதுதான் சட்டம். நான் அவரை லொகு அய்யா என்று கூப்பிடுவேன், பெரிய அண்ணன் என்று. அவர் என்னை நங்கி என்பார், தங்கச்சி என்று; தம்பியை மல்லி என்பார். அவர் மனைவி ஹீன்மெனிகே அக்காவும் பக்கத்து வீட்டு ஆட்களும் வந்தார்கள். தெவ்மி முதல் தடவை ஏறுகிறாள் என்பதால் தலையில் வெள்ளைத் துணி சுற்றிவிட்டோம். அவள் அதைக் கிரீடம் மாதிரி பாவித்துக்கொண்டு நடந்தாள்.

குழந்தை இருப்பதால் பகலில் ஏறுவது என்று முடிவு. பலாபத்தலப் பாதை. அடிவாரத்து மடத்தில் படுத்திருந்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பினோம். சீதகங்குல ஆற்றில் முழுகி எழுந்தபோதுதான் இவர் முகத்தை முதலில் கவனித்தேன்.

"என்ன மெனிகே, நேத்துக் கல்யாணம் ஆனவ மாதிரி என்னையே பாக்குற?" என்றார்.

"மூஞ்சி சாம்பல் பூத்துக் கெடக்கு. அதான்."

"குளிச்சா நான் வெள்ளையாத்தான் இருப்பேன். அழுக்குலயே பாத்துப் பழகிட்ட, உனக்கு எங்க தெரியும்?"

"உதடு நீலமா இருக்கு."

"நங்கி!" என்று லொகு அய்யா கரையிலிருந்து அதட்டினார். "மலையில வந்து மூஞ்சி, உதடுன்னு பேச்செடுக்காத. சாமி பேரைச் சொல்லு."

நான் சாமி பேரைச் சொன்னேன். வேறு என்ன செய்வது?

ஏறும்போது இவர் தெவ்மிக்குப் பழைய கதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். இப்போது மாதிரி படியும் கம்பியும் இல்லாத காலத்தில் பாறையில் அடித்த சங்கிலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் ஏறுவார்களாம். காற்றடித்தால் ஆளோடு போய்விடுமாம். கடலில் வருகிற கப்பல்காரர்களுக்குக் கரை தெரிவதற்கு முன்னால் இந்த உச்சி தெரியுமாம், அங்கிருந்தே கும்பிட்டுவிடுவார்களாம். பாதம் புத்தருடையது என்கிறோம் நாங்கள். சிவனுடையது என்கிறார்கள் தமிழர்கள். ஆதம் நபியுடையது என்கிறார்கள் முஸ்லிம்கள். யாருடையதாக இருந்தாலும் ஏறுகிறவன் கால்தான் வலிக்கிறது.

"அந்தக் காலத்துல மலைக்குக் கிளம்புறவங்க சொத்தை எழுதி வெச்சுட்டு, ஊர்ல எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கிளம்புவாங்க," என்றார் மகளிடம்.

"நீங்க எழுதி வெச்சீங்களா அப்பச்சி?" அப்பாவைத் தெவ்மி அப்படித்தான் கூப்பிடுவாள்.

"எனக்கு என்ன சொத்து? உங்கம்மா வாய் ஒண்ணுதான். அதை எழுதிக் குடுத்தா வாங்கிக்க ஆள் வேணுமே!"

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் அவர் நின்று, இடது கையை வலது கையால் பிசைந்துவிட்டுக்கொண்டார்.

"என்ன?" என்றேன்.

"கருணாவை."

"அதைக் கேக்கல. கையில என்ன?"

"கையிலயும் கருணாவை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டில் என்றால் பிடித்து உட்கார வைத்திருப்பேன், நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இங்கே வாயைக் கட்டிப் போட்டிருக்கிறது. லொகு அய்யா பக்கத்தில் போய், சுற்றி வளைத்து, "அய்யா, உங்க தம்பிக்குக் கருணை கொஞ்சம் கொறையுது போலிருக்கு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்து, "மல்லி, எப்படி இருக்க?" என்று கத்தினார்.

"கருணாவை அய்யா!" இவர் குழிக்குள்ளிருந்து கூப்பிடுகிறவர் மாதிரி அடித்தொண்டையில் பதில் கொடுத்தார்.

"கேட்டுக்கிட்டியா? சிங்கம் மாதிரி இருக்கான். நீ ஏறு நங்கி."

நோய் கண்டவனும் அதைத்தான் சொல்வான், நோகாதவனும் அதைத்தான் சொல்வான் என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? இதைப் பிறகு நிறைய பேரிடம் கேட்டுவிட்டேன்.

மஹகிரிதம்ப என்பது கடைசி ஏற்றம். செங்குத்து. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் படியும் இரும்புக் கம்பியும். ஒரு திருப்பத்தில் பாறை கொஞ்சம் உள்வாங்கி, இரண்டு பேர் உட்காரத் தோதாக இருக்கும். அங்கே வந்ததும் இவர் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் வேர்வை கோத்து நின்றது, அந்தக் குளிரில்.

"தெவ்மி, நீ பெரியப்பச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போ. நான் அம்மாகூட மெதுவா வர்றேன்," என்றார்.

"நீங்களும் வாங்க. நேர்த்தி உங்களோடதுதானே?"

"நேர்த்தி என்னோடது, கும்பிடு உன்னோடது. நீ மொதல்ல போய் நான் வந்துட்டேன்னு சொல்லு. சாமிக்குக் காத்திருந்து காத்திருந்து கழுத்து வலிக்கும் பாரு."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். லொகு அய்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டார், ஹீன்மெனிகே அக்காவும் மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். இவர் அவளுடைய வெள்ளைத் தலைத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை என் தோளில் சாய்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், "மெனி" என்ற அளவுக்குத்தான் வந்தது. உடம்பு ஒரு தடவை இறுகித் தளர்ந்தது. அவ்வளவுதான்.

என் அப்பாவும் அம்மாவும் என் மடியில்தான் உயிரை விட்டார்கள். எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கழுத்தில் விரல் வைத்தேன், மூக்கின் கீழே புறங்கையைப் பிடித்தேன், மார்பில் காதை வைத்தேன். உலுக்கினேன். ஒன்றுமில்லை. மறுபடி உலுக்கினேன்.

"நங்கி, என்னாச்சு?" மேல் திருப்பத்திலிருந்து லொகு அய்யா எட்டிப் பார்த்தார். அவர் இடுப்புக்குப் பக்கத்தில் தெவ்மியின் முகம்.

கத்துவதற்குத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகக் கத்தத்தான் திறந்தேன். அந்த நொடியில், அத்தை செத்த அன்று லொகு அய்யா எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது நெஞ்சில் வந்து நின்றது. செத்த நேரத்திலிருந்து தீட்டு இல்லை, சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் தீட்டு. அப்பா செத்துவிட்டார் என்று என் மகள் காதில் விழுந்துவிட்டால் அவளால் அடுத்த படியில் கால் வைக்க முடியாது. மூன்று மாசம் கழித்துத் தீட்டு கழியும்போது மலையில் தெய்வமே இருக்காது. நேர்த்தி முறிந்துபோகும். எதிர்வீட்டுப் பையன் வாயில் நுரை தள்ளி விழுகிறது என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. இவர் போய்விட்டார், அவரை எவராலும் திருப்ப முடியாது. அவர் எதற்காக இந்த உடம்பை இழுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தாரோ அதுவும் கூடப் போக வேண்டுமா?

"கருணாவை!" என்று கத்தினேன். "கண்ணசந்துட்டார். நீங்க போங்க. புள்ளைய நிக்க வைக்காதீங்க."

லொகு அய்யா ஒரு கணம் பார்த்தார். பிறகு பாட்டை எடுத்தார், கூட்டம் வாங்கிப் பாடியது, திருப்பத்தில் மறைந்தார்கள்.

உதவிக்கு ஆள் கூப்பிட்டிருக்கலாமே என்று பிறகு சிலர் கேட்டார்கள். கூப்பிட்டால் எங்கே போவான்? மருந்துப் பெட்டியோடு ஒருத்தன் இருப்பது உச்சியில். அவனிடம் ஓடுகிறவன் என் மகளைத் தாண்டித்தான் ஓட வேண்டும். அந்தப் படியில் ஒரு சேதி ஏறினால் ஆளை விட வேகமாக ஏறும், வாய்க்கு வாய் ஏறும். நான் அழுதால் போதும், "கீழே ஒரு பொம்பளை அழுவுது" என்று மேலே போய்விடும். அதனால் அழுகையை விழுங்கினேன்.

முதலில் அவர் கண்ணை மூடினேன். அவருடைய துண்டை எடுத்து, குளிருக்குக் கட்டுகிற மாதிரி தலையைச் சுற்றித் தாடைக்குக் கீழே முடிந்தேன். முதுகைப் பாறையில் சாய்த்து, சரியாமல் இருக்க ஒரு பக்கம் பையை வைத்தேன், மறுபக்கம் நான் உட்கார்ந்தேன். கையை மடியில் கோத்து வைத்தேன். தூங்குகிற மனுஷன்தான். யார் பார்த்தாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு. எல்லாரும் எங்களையும் வாழ்த்தினார்கள். "கருணாவை மாமா!" என்று இவரிடம். "கருணாவை அக்கே!" என்று என்னிடம். பதில் சொல்லாமல் இருந்தால் நின்று விசாரிப்பார்கள். அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே சொன்னேன். கருணாவை, கருணாவை, கருணாவை. ஒருத்தர் கற்கண்டு கொடுத்தார். ஒரு அம்மாள் கொத்தமல்லிக் காப்பி ஊற்றிய பிளாஸ்க் மூடியை நீட்டி, "எழுப்பிக் குடுங்க, சூடா இருக்கு" என்றாள். எழுந்ததும் கொடுக்கிறேன் என்று வாங்கி வைத்தேன். அது என் பக்கத்தில் ஆறிக்கொண்டிருந்தது.

இவர்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அத்தனை படி ஏறி வந்தோமே, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் காதோடு "நெஞ்சு வலிக்குது மெனிகே" என்று சொல்லியிருக்கக் கூடாதா? சாமி கோபித்தால் நான் சமாளித்திருக்க மாட்டேனா? நீங்கள் சொல்லாமல் போனீர்கள், இப்போது நான் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். இப்படியெல்லாம் மனசுக்குள் திட்டிக்கொண்டே அவர் விரலைப் பிடித்திருந்தேன். விரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்துகொண்டு வந்தது. என் கைக்குள் வைத்துத் தேய்த்தேன், மறுபடி சூடாகிவிடும் என்பதுபோல.

அப்போதுதான் கீழேயிருந்து ஒரே இரைச்சலாகப் பெண்கள் கூட்டம் ஒன்று வந்தது. அவிசாவளைப் பக்கத்துத் தையல் தொழிற்சாலைப் பெண்கள். ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை, அவர்களே தைத்ததாக இருக்கும். பாட்டும் கேலியுமாக வந்தவர்கள் எங்கள் முன்னால் நின்றுவிட்டார்கள். தலைவி மாதிரி இருந்தவளுக்கு முப்பது வயசு இருக்கும். தில்ருக்ஷி என்று மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

"அக்கே, மாமா இங்கயே குடித்தனம் வெச்சிட்டாரா?" என்றாள்.

"சித்த நேரம் கண்ணசந்துட்டார்மா."

"உச்சி இந்தா இருக்கு, இங்க வந்து யாராவது தூங்குவாங்களா? இவ்வளவு தூரம் வந்துட்டு பாதத்தைப் பாக்காம போனா மாமாவுக்கு நெஞ்சு ஆறாது."

"எழுந்ததும் வருவார். நீங்க போங்க."

"ஏய், எல்லாரும் வாங்கடி!" என்று திரும்பிக் கூப்பிட்டாள். "மாமாவத் தூக்கிட்டுப் போவோம். நமக்கும் புண்ணியம்."

"தூக்குவியா நீ? போன வாரம் ஒரு துணிக்கட்டைத் தூக்கிட்டு ரெண்டு நாள் லீவு போட்டவ!" என்றாள் ஒருத்தி.

"துணிக்கட்டு என்னை வாழ்த்துமா? மாமா வாழ்த்துவார். ரெண்டு பேர் தோள் பக்கம், ரெண்டு பேர் கால் பக்கம். வாங்க வாங்க."

"வேணாம்மா," என்றேன். "அவருக்குப் பிடிக்காது. கோபக்காரர்."

"கோபப்பட்டா நாங்க கிச்சுக்கிச்சு மூட்டுவோம்!"

சிரித்துக்கொண்டே சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பையை எடுத்து நகர்த்திவிட்டாள். நான் அவர் மேல் கையைப் போட்டு மறித்தேன். பிணத்தைப் பாதத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள். நடக்க விட்டால் மகாபாவம். உண்மையைச் சொன்னால் இத்தனை பெண்களும் அலறுவார்கள், அந்த அலறல் நேராக என் மகளிடம் போகும். இப்படியும் முடியாது, அப்படியும் முடியாது. நல்ல மனசோடு வந்தவர்கள், யாரைத் திட்டுவேன்? "தொடாதீங்க" என்று மட்டும் சொன்னேன். அது எனக்கே கேட்கவில்லை.

தில்ருக்ஷி குனிந்து, "மாமா, எந்திரிங்க" என்று அவர் கையைப் பிடித்தாள்.

பிடித்த கையோடு அப்படியே நின்றாள். சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. அவர் முகத்தைப் பார்த்தாள், தாடைக்குக் கீழே இருந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேனா, கும்பிட்டேனா, எனக்கே நினைவில்லை. மேலே கண்ணைக் காட்டி, "என் மக மேல போயிருக்கா. ஏழு வயசு. நேர்த்தி" என்று உதட்டை மட்டும் அசைத்தேன்.

அவள் அவர் கையை மெதுவாக மடியில் திரும்ப வைத்தாள். வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஏய், மாமா நல்ல தூக்கத்துல இருக்கார்டி. விடுங்க, பாவம்," என்றாள். "நீங்க ஏறுங்க. எனக்குக் கால் பிடிச்சுக்கிச்சு, இங்க கொஞ்சம் உக்காந்துட்டு வர்றேன்."

"பாத்தியா, வாய்தான் பெருசு!" என்று கேலி பண்ணிக்கொண்டே மற்றவர்கள் போனார்கள்.

அவள் எனக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"நீயும் போயிரும்மா," என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது. ஒண்ணும் பாக்கல."

"தொட்டுட்டேனே அக்கே," என்றாள். "தொட்ட கையோட எப்படிப் பாதத்தைத் தொடுறது?"

"எதுக்கு வந்த?"

புல்லைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். புருஷன் குவைத்தில் இருக்கிறான். மாசம் தவறாமல் வந்துகொண்டிருந்த கடிதம் நின்றுபோனது. ஏஜென்சிக்காரனைக் கேட்டால் தெரியாது என்கிறான். உயிரோடு இருக்கிறானா என்றாவது தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கி வந்திருக்கிறாள். வெசாக்குக்கு முன்னால் இன்னொரு லீவு கிடைக்காது.

"அடுத்த வருஷம் வந்தாப் போச்சு," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

என் பிள்ளையின் நேர்த்தியைக் காப்பாற்றப் போய், யாரோ பெற்ற பெண்ணின் வேண்டுதலைக் கெடுத்துவிட்டேன். அவளுக்காக நான் செய்யக்கூடியது ஒன்றுமே இல்லை. கற்கண்டை எடுத்து நீட்டினேன். வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு, போகிறவர்கள் வாழ்த்தியபோதெல்லாம் அவளே எனக்காகப் பதில் சொன்னாள். என் தொண்டை அதற்குள் வற்றிப்போயிருந்தது.

மூடுபனி ஏறி ஏறி இறங்கியது. இறங்கி வருகிற ஒவ்வொரு வெள்ளை உடுப்பையும் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. சீக்கிரம் வந்துவிட வேண்டும் என்றும் இருந்தது, வராமலே இருந்துவிட வேண்டும் என்றும் இருந்தது. அவர்கள் வருகிற வரைக்கும் என் மகளுக்கு அப்பா இருக்கிறார்.

கடைசியில் தெவ்மியின் குரல் முதலில் வந்தது. படியில் இரண்டு இரண்டாகக் குதித்துக்கொண்டு, நெற்றியில் சந்தனத்தோடு ஓடி வந்தாள்.

"அம்மே! கும்பிட்டாச்சு! நான் மணி அடிச்சேன்! எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை அடிக்கணுமாம். பெரியப்பச்சி அடிச்சு அடிச்சுக் கை வலிச்சிருச்சு. நான் ஒண்ணுதான் அடிக்கணும், ஆனா ரெண்டு அடிச்சுட்டேன். ஒண்ணு அப்பச்சியோடது. பெரியப்பச்சி திட்டிட்டாரு. அப்பச்சி மேல போறப்ப ஒண்ணு கொறச்சு அடிக்கச் சொல்லுங்க, சரியா?"

சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். அதற்கு மேல் வைத்துக்கொள்ள என்னிடம் நேரம் இல்லை. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். லொகு அய்யா, அக்கா, பக்கத்து வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்து நின்றார்கள்.

"தெவ்மி, அப்பச்சி செத்துப் போயிட்டார்டி," என்றேன்.

அவள் அழவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எப்போ?" என்று கேட்டாள்.

குழந்தைதான் கேட்டாள். ஆனால் நின்றிருந்த அத்தனை பேர் முகத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. சேதி கேட்ட பிறகுதான் தீட்டு என்றாலும், சேதியை வேண்டுமென்றே மறைத்தது தெரிந்தால் அவர்கள் கும்பிட்ட கும்பிடு செல்லுமா, செல்லாதா? அது என் வாயில் இருந்தது. தில்ருக்ஷி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இப்பதான்," என்றேன். "நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

லொகு அய்யா என் பக்கத்தில் மண்டியிட்டார். தம்பியின் கையை எடுத்தார். அது மடங்கிய வாக்கிலேயே வந்தது, விரல்கள் விரியவில்லை. அவர் அந்த விரல்களைப் பார்த்தார், பக்கத்தில் தொடாமலே ஆறிப்போயிருந்த காப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முப்பது பருவம் கூட்டம் நடத்தியவர், மலையில் ஒரு பொய் சொன்னதில்லை என்று ஊரெல்லாம் பேசும் ஆள். தன் இரண்டு கையாலும் அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, இப்பதான்," என்றார். "இன்னும் சூடு இருக்கு."